பால்குடி மறந்த பின் தோலில் தோன்றும் பருக்கள்: தாயும் பிள்ளையும் அறிய வேண்டியவை

தாய்ப்பால் கொடுப்பதன் நன்மைகளைப் பற்றி எமது தாய்மார் நிறையக் கேட்டிருக்கிறார்கள். கிளினிக்கிலும், மாதர் சங்கக் கூட்டங்களிலும், சுவரொட்டிகளிலும் அது சொல்லப்படுகிறது. ஆனால் பால்குடியை நிறுத்தும் காலத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அந்தக் காலத்தில்தான் பிள்ளையின் உடம்பில் சொறியும் கொப்புளமும் வெடிப்பும் தோன்றுவதைப் பலர் காண்கிறார்கள். அதே காலத்தில் சில தாய்மாரின் முகத்திலும் பருக்கள் எழும்புகின்றன. "பால் மறந்த பிறகுதான் இது வந்தது" என்று தாய் சொல்கிறாள். "கிரந்தி கிளம்பிவிட்டது, மீனையும் முட்டையையும் நிற்பாட்டு" என்று வீட்டில் மூத்தவர்கள் சொல்கிறார்கள்.

இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில்தான் ஆபத்து இருக்கிறது. தோலில் வருவன எல்லாம் ஒரே நோயல்ல. சில தாமாகவே மாறும். சில ஒரு போத்தல் மருந்தால் மாறும். சில, பிள்ளை போதிய உணவின்றி மெலிகிறது என்று உடம்பு தரும் எச்சரிக்கை. மூன்றாவது வகைக்கு உணவைக் குறைப்பது, எரிகிற வீட்டுக்கு எண்ணெய் ஊற்றுவதற்கு ஒப்பானது. ஆகவே ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறியப் பழகுவதே இப்பாடத்தின் நோக்கம்.

போர் 2009 இல் முடிவடைந்தது. மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. எனினும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் உறவினர் வளவிலும் வாடகை வீட்டிலும் வாழும் விவசாயக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. திரும்பியவர்களிலும் பலர் பசுவையும் கோழியையும் பழைய தோட்டத்தையும் முழுமையாக மீட்கவில்லை. முன்பு பால் மறந்த பிள்ளைக்கு வளவிலேயே முட்டையும் பாலும் முருங்கையும் இருந்தன. இன்று அவற்றுள் பலவற்றைக் கடையில் வாங்க வேண்டியிருக்கிறது. எனவே பால்குடி மறக்கும் காலம் முன்பைவிட இப்போது கூடுதல் கவனத்தை வேண்டி நிற்கிறது.

1. பால் மறப்பித்தல் ஒருநாள் வேலையன்று

முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலுடன் வேறு உணவு. இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம். இதுவே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எமது கிளினிக்குகளில் சொல்லப்படுவதும் இதுவே.

ஆறு மாதத்துக்குப் பின் கொடுக்கும் உணவு தாய்ப்பாலுக்குத் துணையாக வருவது. தாய்ப்பாலைத் துரத்த வருவதன்று. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் தாய்ப்பால் நல்ல கொழுப்பையும் புரதத்தையும், நோயை எதிர்க்கும் பொருள்களையும் தருகிறது. அதை ஒரேநாளில் நிறுத்தினால் அந்த இடத்தை நிரப்பப் பிள்ளையின் கோப்பையில் ஏதாவது இருக்க வேண்டும். வெறும் சோற்றுக் கஞ்சியும், தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கற்றும் அந்த இடத்தை நிரப்பமாட்டா.

ஆதலால் மெல்ல மெல்லவே நிறுத்த வேண்டும். முதலில் பகலில் ஒருமுறை கொடுக்கும் பாலை விட்டு, அதற்குப் பதிலாக நல்ல உணவு கொடுங்கள். சில நாட்கள் கழித்து அடுத்ததை விடுங்கள். இராப்பால் கடைசியாகப் போகட்டும். இப்படிச் சில வாரங்கள் எடுத்தால் தாயின் மார்பு கட்டிப்பட்டு வலிக்காது, பிள்ளையும் ஏங்காது.

வயிற்றோட்டம், காய்ச்சல், இருமல் உள்ள நாட்களில் பால் மறப்பிக்கத் தொடங்க வேண்டாம். வீடு மாறும் நேரத்திலும், வெள்ளத்தால் பாடசாலையில் தங்கும் நேரத்திலும் தொடங்க வேண்டாம். பிள்ளையைத் திடீரென அம்மம்மா வீட்டுக்கு அனுப்பி மறக்கடிப்பதும் நல்லதல்ல. பாலோடு தாயையும் ஒரேநாளில் இழந்த பிள்ளை சாப்பாட்டை வெறுக்கும். முலைக்காம்பில் மிளகாய்த்தூள் பூசுவது தாயின் தோலையும் பிள்ளையின் வாயையும் புண்ணாக்கும். அதை முற்றாகக் கைவிட வேண்டும்.

இன்னொன்று. தாய் மீண்டும் கருவுற்றால் "பால் கெட்டுவிட்டது" என்று உடனே நிறுத்திவிடுகிறார்கள். பால் கெடுவதில்லை. சாதாரணமான கர்ப்பத்தில் தொடர்ந்து பால் கொடுக்கலாம். முன்பு கரு சிதைந்திருந்தால், குறைமாதப் பிரசவம் நடந்திருந்தால், இரத்தக் கசிவு இருந்தால் மட்டும் வைத்தியரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

2. ஒரு நோயின் பெயர் சொல்லும் பாடம்

மேற்கு ஆபிரிக்காவில் இன்று கானா என்று அழைக்கப்படும் நாட்டில், 1930களில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர் பணியாற்றினார். அவர் ஜமெய்க்காவில் பிறந்தவர். ஒன்று முதல் நான்கு வயதுவரையான பிள்ளைகள் பலர் கால் வீங்கி, மயிர் செம்பட்டையாகி, தோல் கறுத்து உரிந்த நிலையில் அவரிடம் கொண்டுவரப்பட்டார்கள். பலர் இறந்தார்கள். மற்ற வைத்தியர்கள் இதை வேறு நோயென எண்ணியிருந்தனர். அவரோ தாய்மாரிடமே கேட்டார். அவர்கள் அந்நோய்க்குத் தம் 'கா' மொழியில் ஒரு பெயர் வைத்திருந்தனர்: குவாஷியோர்க்கர். அடுத்த பிள்ளை பிறந்ததும் மூத்த பிள்ளைக்கு வரும் வருத்தம் என்பது அதன் பொருள்.

அதாவது, புதிய பிள்ளைக்காகத் தாய்ப்பாலிலிருந்து விலக்கப்பட்டு, சோளக் கஞ்சியை மட்டும் உண்டு வாழ்ந்த பிள்ளைக்கு வந்த நோய் அது. வில்லியம்ஸ் 1933 இல் இதைப் பற்றி எழுதினார்; 1935 இல் அந்தப் பெயரையே மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். படித்தவர்கள் அறியாததை அந்தத் தாய்மார் பெயரிலேயே சொல்லி வைத்திருந்தார்கள்.

பின்னர் அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். அங்கே ரின்பால் விற்பவர்கள் அதைக் குழந்தைகளுக்கு ஏற்ற உணவென்று தாய்மாருக்குச் சொல்லி விற்றதையும், அதனால் குழந்தைகள் இறந்ததையும் கண்டார். 1939 இல் சிங்கப்பூரில் ஆற்றிய உரைக்கு "பாலும் கொலையும்" என்று தலைப்பிட்டார். இனிப்பூட்டிய ரின்பால் குழந்தையின் உணவன்று என்ற உண்மை இன்றும் மாறவில்லை.

குவாஷியோர்க்கர் ஏன் வருகிறது என்பதற்குப் புரதக் குறைவு ஒன்றையே காரணமாக இன்று சொல்வதில்லை. பல சத்துகளின் குறைவும், அடிக்கடி வரும் தொற்று நோயும், குடலின் நிலையும் சேர்ந்தே அது உண்டாகிறது. ஆனால் அது தோன்றும் காலம் பெரும்பாலும் அதே காலந்தான்: பால்குடி மறந்து, நல்ல உணவு கிடைக்காத காலம்.

3. பிள்ளையின் தோலில் காண்பவை

பகல் வெளிச்சத்தில் பிள்ளையின் உடுப்பைக் களைந்து தலை முதல் கால்வரை பாருங்கள். எங்கே இருக்கிறது, கடிக்கிறதா, நீர் வடிகிறதா, வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று கவனியுங்கள். இந்த நான்கு கேள்விகளே பாதி வழியைக் காட்டிவிடும்.

அ. சொறி சிரங்கு. விரலிடுக்கு, மணிக்கட்டு, கமக்கட்டு, இடுப்பு, அடிவயிறு ஆகிய இடங்களில் சிறு பருக்கள். சிறு குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையிலும் வரும். இரவில் கடி கூடும். வீட்டில் மற்றவர்களும் சொறிவார்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி தோலுக்குள் துளையிட்டு வாழ்வதால் இது வருகிறது, உணவால் வருவதன்று. ஒரே பாயில் பலர் படுக்கும் இடத்தில் விரைவாகப் பரவும். பெர்மெத்ரின் என்ற பூச்சு மருந்து இதற்கு நல்லது. எந்த வயதுக்கு எப்படிப் பூசுவது என்பதைக் கிளினிக்கில் கேட்டுப் பூசுங்கள். முக்கியமானது இது: கடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டிலுள்ள அனைவரும் ஒரேநாளில் பூச வேண்டும், ஒரு வாரத்தின் பின் மீண்டும் பூச வேண்டும். அன்றே பாய், போர்வை, உடுப்புகளைச் சுடுநீரில் தோய்த்து வெயிலில் காயப்போடுங்கள். தோய்க்க முடியாதவற்றைப் பொலித்தீன் பையில் கட்டி ஒரு வாரம் தனியே வையுங்கள். பூச்சி செத்த பின்னும் இரண்டு மூன்று வாரம் கடி இருக்கும். அதற்காக மருந்தைத் திரும்பத் திரும்பப் பூச வேண்டாம்.

ஆ. நீர்க்கொப்புளப் புண். மூக்கடி, வாயோரம், கால்களில் கொப்புளம் உடைந்து தேன்நிறப் பொருக்குக் கட்டும். இது கிருமியால் வருவது. சொறிந்த இடத்திலும் நுளம்பு கடித்த இடத்திலும் தொற்றும். சவர்க்காரமும் இளஞ்சூட்டு நீரும் கொண்டு பொருக்கை மெல்ல ஊறவைத்துக் கழுவி, வைத்தியர் தரும் மருந்தைப் பூசுங்கள். துவாயைப் பகிர வேண்டாம். புண் மாறிச் சில வாரங்களுக்குள் முகம் வீங்கினாலோ, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனாலோ சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இ. கரப்பன். கன்னம், முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களில் தோல் வரண்டு சிவந்து தடித்துக் கடிக்கும். வந்து வந்து போகும். தாய், தகப்பன் யாருக்காவது தொய்வு அல்லது ஒவ்வாமை இருந்தால் பிள்ளைக்கும் வர இடமுண்டு. இது தொற்றாது. அதிக நேரம் குளிக்க வார்க்காமல், கடுஞ் சவர்க்காரம் போடாமல், குளித்து முடித்த ஈரத்தோடு சுத்தமான தேங்காயெண்ணெய் அல்லது வைத்தியர் தரும் பூச்சைப் பூசுங்கள். பருத்தி உடுப்பு அணிவியுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

ஈ. உணவு ஒவ்வாமை. ஒரு குறித்த உணவை உண்ட சில நிமிடங்களிலோ இரண்டு மணித்தியாலத்துக்குள்ளோ உடம்பெங்கும் தடிப்பு எழும்பும். உதடும் கண்ணிமையும் வீங்கும். சிலருக்கு வாந்தி வரும். பசுப்பால், முட்டை, கச்சான், மீன், இறால், கோதுமை ஆகியவற்றால் இது நேரலாம். எந்த உணவு என்று அறிந்தால் அந்த ஓர் உணவை மட்டும் நிறுத்த வேண்டும், எல்லாவற்றையும் அல்ல. இதனால்தான் புதிய உணவை ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுத் தொடங்கச் சொல்கிறோம். தக்காளி, தோடம்பழம் போன்ற புளிப்புப் பட்டு வாயைச் சுற்றி மட்டும் சிவந்தால் அது பெரும்பாலும் வெறும் எரிச்சலே. வாயைத் துடைத்துவிட்டால் மாறும்.

உ. நாகச் சத்துக் குறைவு. வாயைச் சுற்றியும், ஆசனவாயைச் சுற்றியும், கை கால்களிலும் சிவந்த, உரியும் புண்கள். கூடவே தீராத வயிற்றோட்டம், மயிர் உதிர்தல், ஓயாத அழுகை. தாய்ப்பாலில் உள்ள நாகச் சத்தைக் குழந்தையின் குடல் எளிதில் எடுத்துக்கொள்ளும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே நாகத்தை உறிஞ்சும் வலிமை குறைவு. தாய்ப்பால் உள்ளவரை அவர்கள் சுகமாயிருப்பார்கள்; பால் மறந்த சில வாரங்களில் இந்நோய் வெளிப்படும். 1942 இல் இது தனியொரு நோயாக விவரிக்கப்பட்டது. நாகச் சத்துக் கொடுத்தால் இது மாறும் என்பது 1970களில் அறியப்பட்டது. அதற்கு முன் பல பிள்ளைகள் இதனால் இறந்தார்கள். இப்பிறவி நோய் அரிது. ஆனால் குறைந்த உணவும் அடிக்கடி வயிற்றோட்டமும் உள்ள பிள்ளைக்கும் நாகக் குறைவு வரும். வயிற்றோட்டத்துக்கு ஜீவனியுடன் நாகக் குளிசையும் 10 முதல் 14 நாள் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004 இல் அறிவுறுத்தின. வயிற்றோட்டத்தோடு கிளினிக்குக்குப் போகும்போது இதைக் கேளுங்கள்.

ஊ. போசாக்கின்மை. இதுவே மிகக் கவனிக்க வேண்டியது. இரு பாதங்களும் வீங்கியிருக்கும். பெருவிரலால் சிறிது நேரம் அழுத்தி எடுத்தால் குழி விழும். காலிலும் தொடையிலும் தோல் கறுத்துத் தடித்து, வெயிலில் வெடித்த பழைய சுவர்ப்பூச்சுப் போல உரியும். மயிர் செம்பட்டையாகி எளிதில் கழரும். பிள்ளை சிரிக்காது, விளையாடாது, சாப்பாட்டைத் தள்ளும். வீக்கத்தினால் "பிள்ளை கொழுத்திருக்கிறது" என்று ஏமாந்து போவோரும் உண்டு. இரு கால் வீக்கம் ஒன்றே போதும், அது ஆஸ்பத்திரி நோய். வீக்கமின்றி மெலிந்த பிள்ளையின் மேற்கைச் சுற்றளவை மருத்துவமாது நாடாவால் அளப்பார். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் கடும் போசாக்கின்மை. 12.5 க்குக் குறைந்தாலே கவனம் தேவை.

4. கிரந்தியும் பத்தியமும்

எம் முன்னோர் கிரந்தி என்று சொன்னது வெறும் மூடநம்பிக்கை அன்று. இறாலும் நண்டும் சிலருக்குத் தடிப்பை எழுப்புவதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த அளவில் அது உண்மை. ஆனால் அதை ஒரு பிள்ளைக்குக் கண்டதிலிருந்து எல்லாப் பிள்ளைக்கும், ஓர் உணவில் கண்டதிலிருந்து எல்லா உணவுக்கும் நீட்டும்போதுதான் தவறு நேர்கிறது.

கணக்கிட்டுப் பாருங்கள். தாய்ப்பால் நின்றுவிட்டது. பிள்ளைக்குச் சொறி வந்தது. மீன் கிரந்தி, முட்டை சூடு, பருப்பு வாயு, கத்தரிக்காய் கிரந்தி, கச்சான் பித்தம் என்று ஒவ்வொன்றாக விலக்கினால் மிஞ்சுவது சோறும் உப்பும் தேத்தண்ணியும். சொறி பூச்சியால் வந்தது. பத்தியத்தால் பூச்சி சாகாது. ஆனால் பிள்ளை மெலியும். மெலிந்த பிள்ளையின் தோல் கிருமியை எதிர்க்காது. புண் கூடும். புண் கூடினால் பத்தியமும் கூடும். இந்தச் சக்கரத்தில் அகப்பட்ட பிள்ளைகளை முகாம்களில் பணியாற்றிய காலத்தில் நாம் கண்டிருக்கிறோம்.

ஆதலால் ஒரு நல்ல விதி: உண்டதும் தடிப்பு வந்ததைக் கண்ணால் கண்ட உணவைத் தவிர வேறெதையும் பிள்ளையின் கோப்பையிலிருந்து எடுக்காதீர்கள். மூத்தோரோடு சண்டையிட வேண்டாம். அம்மம்மாவையும் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். மருத்துவமாது சொல்வதை அவர் தம் காதால் கேட்கட்டும்.

வேப்பிலை அவித்த நீரில் குளிப்பாட்டுவதால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அது சொறிக்கு மருந்தாகாது. வேப்பெண்ணெயைப் பிள்ளைக்குப் பருக்குவதோ பெரும் ஆபத்து. மலேசியாவில் வேப்பெண்ணெய் பருக்கப்பட்ட குழந்தைகள் வாந்தியும் வலிப்பும் மயக்கமும் கண்டதை 1981 இல் வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

5. கோப்பையில் என்ன இருக்க வேண்டும்?

ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு வேளை உணவும், இடையில் ஒன்றிரண்டு சிறு தீனும் வேண்டும். ஒரு வேளைக்கு முக்கால் கோப்பை முதல் ஒரு கோப்பை. பிள்ளைக்குத் தனிக் கோப்பை வையுங்கள். ஒரே சட்டியில் அண்ணன், அக்காவோடு விட்டால் சின்னப் பிள்ளை எவ்வளவு சாப்பிட்டதென்று தெரியாது.

சோறு அல்லது குரக்கன்; அதோடு பருப்பு அல்லது பயறு; ஒரு பிடி கீரை; ஒரு துண்டு மீன் அல்லது முட்டை; ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் அல்லது தேங்காய்ப்பால். இந்த ஐந்தும் சேர்ந்தால் தோலுக்கு வேண்டிய சத்துகள் பெரும்பாலும் வந்துவிடும். நெத்தலிக் கருவாட்டை உப்புப் போகக் கழுவி, வறுத்து இடித்துத் தூளாக்கிச் சோற்றில் தூவலாம். முருங்கையிலை, பூசணிக்காய், பப்பாப்பழம், மாம்பழம் ஆகியவை விற்றமின் ஏ தருவன. பயறை ஊறவைத்து முளைக்கவிட்டு அவித்தால் அதிலுள்ள நாகமும் இரும்பும் உடம்பில் நன்றாகச் சேரும்.

வீட்டில் செய்யக்கூடிய சத்துமா: சிவப்புப் பச்சையரிசி மூன்று சுண்டு, பயறு ஒரு சுண்டு, கச்சான் அரைச் சுண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுத்து, ஆறவிட்டு, அரைத்துக் காற்றுப் புகாத ரின்னில் வையுங்கள். ஒருமுறைக்கு ஒரு பிடி மாவை நீரில் கரைத்து நன்றாகக் காய்ச்சித் தேங்காய்ப்பால் சேர்த்துக் கொடுங்கள். பூஞ்சணம் பிடித்த, கைத்த கச்சானைச் சேர்க்க வேண்டாம். அதிலுள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும். முழுக் கச்சானைச் சிறு பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டாம், தொண்டையில் அடைக்கும். கச்சானை முதன்முதல் கொடுக்கும்போது சிறிதளவாகத் தொடங்குங்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கலாகாது. ஒரு வயதுக்குள் பசுப்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கவும் கூடாது.

சூப்பிப் போத்தலை வாங்க வேண்டாம். அதைச் சுத்தமாகக் கழுவ நீரும் விறகும் எல்லா வீட்டிலும் இல்லை. கோப்பையும் கரண்டியும் போதும். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் பால்மாவுக்காக வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. தாய்ப்பாலுக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. முடிந்தவரை அதைத் தொடருங்கள்.

6. தாயின் முகத்தில் வரும் பரு

இதைச் சிறிய விஷயமென்று ஒதுக்க நாம் விரும்பவில்லை. முகத்தில் பரு எழும்பிய தாய் வெளியே வர வெட்கப்படுகிறாள்; யாரோ சொன்ன கிறீமைப் பூசுகிறாள். அதனால் பெரிய கேடு வருகிறது.

பால் கொடுக்கும் காலத்தில் புரோலக்ரின் என்ற ஓமோன் உடம்பில் மிகுந்திருக்கும். அது சூலகத்தின் வேலையை அடக்கி வைக்கும். அதனால்தான் பல தாய்மாருக்கு மாதவிடாய் பிந்துகிறது. பால் நின்றதும் புரோலக்ரின் குறைகிறது, சூலகம் விழித்துக்கொள்கிறது, மாதவிடாய் திரும்புகிறது. இந்த ஓமோன் மாற்றத்தில் சிலருடைய தோல் எண்ணெயைக் கூடுதலாகச் சுரக்கும். எண்ணெயும் இறந்த தோலும் சேர்ந்து மயிர்த்துளையை அடைக்க, அங்கே கிருமி பெருகிப் பரு உண்டாகிறது. நாடி, தாடை, கன்னம், முதுகு ஆகிய இடங்களில் வரும். மாதவிடாய்க்கு முந்திய வாரத்தில் கூடும். நின்ற பால் இரத்தத்தில் கலந்து கெட்டதால் வந்தது என்று எண்ணத் தேவையில்லை. பெரும்பாலும் சில மாதங்களில் ஓமோன் ஒரு நிலைக்கு வர, பருவும் தணியும். பாலை மெல்ல மெல்ல நிறுத்தினால் மாற்றமும் மெல்லவே நடக்கும்.

செய்யக்கூடியவை: நாளுக்கு இருமுறை மென்மையான சவர்க்காரத்தால் முகம் கழுவுதல், தலையில் வைக்கும் எண்ணெய் நெற்றியில் வடியாமல் பார்த்தல், பருவைக் கிள்ளாமல் விடுதல், வயலில் தொப்பியோ சேலைத் தலைப்போ போட்டு வெயிலைத் தடுத்தல். மாறாவிட்டால் பென்சொயில் பெரொக்சைட் என்ற பூச்சை வைத்தியரிடம் கேட்கலாம். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

செய்யக்கூடாதவை: பெட்டிக்கடையில் விற்கும் வெள்ளையாக்கும் கிறீம்களைப் பூசாதீர்கள். அவற்றுட் சிலவற்றில் பாதரசம் இருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசிய கன்னத்தோடு பிள்ளையை அணைத்தால் பிள்ளைக்கும் சேரும். சிலவற்றில் ஸ்ரெரோயிட் உண்டு. முதலில் முகம் பளபளக்கும். பின்பு தோல் மெலிந்து சிவந்து, பரு முன்பைவிடக் கூடும். பக்கத்து வீட்டார் மிச்சம் வைத்த குளிசையையும் விழுங்காதீர்கள். பருவுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் வயிற்றிலுள்ள கருவைக் கடுமையாகப் பாதிக்கும்.

இங்கே ஒரு முக்கிய செய்தி. பால் நின்ற பின் முதல் மாதவிடாய் வருவதற்கு முன்னரே கருத்தரிக்க முடியும். ஒரு பிள்ளை பிறந்து 24 மாதமாவது கழிந்த பின் அடுத்த கர்ப்பம் அமைவது தாய்க்கும் பிள்ளைகளுக்கும் நல்லதென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கானா நாட்டுத் தாய்மார் வைத்த பெயரை இங்கே நினைவுகூருங்கள். எனவே பால் நிறுத்த எண்ணும்போதே கணவனும் மனைவியும் சேர்ந்து மருத்துவமாதுடன் பேசிக்கொள்ள வேண்டும். கருத்தடை ஊசியோ குளிசையோ தொடங்கிய பின் பரு வந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். சிலருக்கு அதனாலும் வரும். மாதவிடாய் ஒழுங்கின்றி, முகத்தில் மயிரும் வளர்ந்தால் வைத்தியரைக் காண வேண்டும்.

7. வயலிலிருந்து வீட்டுக்கு

பயிருக்கு மருந்தடித்த கையோடு பிள்ளையைத் தூக்குவதாலும் தோல் பழுதாகும். மருந்தடித்தவர் குளித்து உடுப்பு மாற்றிய பின்னரே பிள்ளையைத் தொட வேண்டும். அந்த உடுப்பைப் பிள்ளையின் துணியோடு சேர்த்துத் தோய்க்க வேண்டாம். மருந்துக் கானைக் கழுவித் தண்ணீர் அள்ளும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். எத்தனை முறை கழுவினாலும் நஞ்சு போகாது. தண்ணீர் தூரத்தில் இருந்தால் அதைக் கொண்டுவருவது தாயின் வேலை மட்டுமல்ல. பிள்ளை குளிப்பதற்கு ஒரு வாளி தண்ணீரைத் தகப்பன் கொண்டுவந்தால் பாதி வருத்தம் வாசலிலேயே நின்றுவிடும்.

8. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

- இரு பாதங்களும் வீங்கிக் குழி விழுதல்
- தோல் பெரும் பெரும் துண்டுகளாக உரிதல்
- உணவுக்குப் பின் உதடு, நாக்கு வீங்குதல் அல்லது மூச்சிழுத்தல்
- காய்ச்சலுடன் உடம்பெங்கும் பரு எழும்புதல். அம்மாள் வருத்தம் என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம்
- முகம் வீங்கிச் சிறுநீர் நிறம் மாறுதல்
- பிள்ளை சோர்ந்து, எதையும் குடிக்க மறுத்தல்
- பால் நிறுத்திய தாயின் மார்பு சிவந்து வலித்துக் காய்ச்சல் வருதல்

போகும்போது கிளினிக் கொப்பியை எடுத்துச் செல்லுங்கள். நிறைக் கோடு எந்த மாதத்தில் சரியத் தொடங்கியதோ, அந்த மாதத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். பால் மறந்த மாதமும் கோடு சரிந்த மாதமும் ஒன்றாயின், நோய் எங்கே தொடங்கியது என்பது அந்தக் கொப்பியிலேயே தெரியும்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாடுவதற்கு

1. எமது கிராமத்தில் பிள்ளைகளை எந்த வயதில், எந்த முறையில் பால் மறக்கச் செய்கிறார்கள்? இவற்றுள் எதை வைத்திருக்கலாம், எதை விடலாம்?
2. கிரந்தி என்று நாம் விலக்கும் உணவுகளைப் பட்டியலிடுங்கள். அவற்றுள் எதனால் பிள்ளைக்குத் தடிப்பு வந்ததை நீங்கள் நேரில் கண்டீர்கள்?
3. சொறி சிரங்குக்கு ஒரு வீட்டார் மட்டும் மருந்து பூசினால் போதுமா? ஒரே கிணற்றடியைப் பாவிக்கும் வீடுகள் எல்லாம் ஒரேநாளில் பூச என்ன ஒழுங்கு செய்யலாம்?
4. பால் மறந்த பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு முருங்கைக் கம்பும் இரண்டு கோழிக்குஞ்சும் கொடுக்கச் சங்கத்தால் முடியுமா? எத்தனை வீடுகள்? யார் பொறுப்பு?

நான்காவது வினாவுக்கு விடையைக் கொப்பியில் எழுதி, அடுத்த கூட்டத்துக்கு முன் செய்து முடியுங்கள். கம்பு நடுவதற்கு மாரி தொடங்கும் காலமே உகந்தது.